உஷார்! மானிட்டரிங் சர்வர் இடம் மாறும் ராத்திரி

பழைய மானிட்டரிங் சர்வரை அணைத்துவிட்டுப் புது மெஷினுக்குப் போக இந்தச் சனிக்கிழமை ராத்திரியைக் குறித்து வைத்திருக்கிறீர்களா? ஒரு நிமிஷம் நில்லுங்கள். உங்கள் நெட்வொர்க்கின் இரண்டு மூன்று வருஷக் கணக்கு அந்த ஒரே ராத்திரியில் பேச்சு மூச்சில்லாமல் காணாமல் போகலாம். போனது உடனே தெரியவும் தெரியாது. திங்கட்கிழமை காலையில் டாஷ்போர்டு முழுக்கப் பச்சையாகத்தான் இருக்கும். மேனேஜர்கூட "சபாஷ், ஒரு அலர்ட்கூட வரலையே" என்று தோளில் தட்டிவிட்டுப் போவார்.

அந்தப் பச்சைதான் பயங்கரம். மெயில் சர்வரை மாற்றும்போது கோளாறு என்றால் மானிட்டரிங் கத்தும். பில்லிங், வெப்சைட், ஃபயர்வால், எதை மாற்றினாலும் கத்தும். மானிட்டரிங்கையே மாற்றும்போது கத்த யார் இருக்கிறார்கள்? வாட்ச்மேன் வீடு காலி செய்கிற அன்றைக்குத் தெருவில் திருட்டுப் போனால் விசிலடிக்க ஆளில்லை. பெரும்பாலான அலர்ட்டுகள் 'இந்த அளவைத் தாண்டினால் சொல்' என்று எழுதப்பட்டவை. மதிப்பே வராவிட்டால் தாண்ட ஒன்றுமில்லை; ஆகவே அவை வாயைத் திறப்பதும் இல்லை. 'பத்து நிமிஷமாக டேட்டா வரவில்லை' என்று கத்தும் ட்ரிக்கரை யாராவது தனியாக எழுதி வைத்திருந்தால்தான் உண்டு. உங்கள் சர்வரில் அது இருக்கிறதா? முதலில் அதைப் பாருங்கள். இல்லையென்றால், வேறெதையும் தொடுவதற்கு முன் அதை எழுதுங்கள்.

இப்போது ஏன் இவ்வளவு அவசரமாகச் சொல்கிறேன் என்றால், நிறையப் பேர் ஒரே நேரத்தில் இந்த வேலையில் இறங்கியிருக்கிறார்கள். சென்ட்ஓஎஸ் 7-க்கான ஆதரவு 2024 ஜூன் 30-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. மானிட்டரிங் சர்வர் என்பது ஆபீஸில் யாரும் திரும்பிப் பார்க்காத மூலையில் ஓடிக்கொண்டிருக்கும் மெஷின். மற்ற எல்லாம் மாறிய பிறகு, ஆடிட்டர் கேட்ட பிறகுதான் அதன் ஞாபகமே வரும். அப்போது 'சும்மா காப்பி பண்ணிப் போட்டால் ஆச்சு' என்ற நினைப்பில் கை வைப்பார்கள்.

பழைய கிராஃப் போனால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்பவர்களுக்கு மூன்று விஷயம். பேண்ட்வித்துக்கு 95-ஆம் சதமான முறையில் பில் கட்டும் இடங்களில், ஐந்து நிமிஷத்துக்கு ஓர் அளவு எடுத்து, 30 நாள் மாதத்துக்கு 8,640 அளவுகளை வரிசைப்படுத்தி, உச்சியிலுள்ள 432-ஐத் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் பணம் கேட்பார்கள். பில் ஏறியிருக்கிறது என்று சண்டை போட உங்கள் கையில் அதே 8,640 அளவுகள் வேண்டாமா? இரண்டாவது, 99.5 சதவீதம் லிங்க் நிற்கும் என்று எழுதிக் கொடுத்தவரிடம், மாதத்தில் 3 மணி 36 நிமிஷத்துக்கு மேல் லிங்க் படுத்திருந்தது என்று காட்டுவதற்கான சாட்சியும் இதே டேட்டாதான். மூன்றாவதுதான் வயிற்றைக் கலக்குவது. செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-ஆம் தேதி வெளியிட்ட உத்தரவுப்படி, இந்தியாவில் லாக்குகளை 180 நாளைக்கு வைத்திருக்க வேண்டும். சம்பவம் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் அறிக்கை தர வேண்டும். சிஸ்லாக்கும் மானிட்டரிங்கும் ஒரே மெஷினில் ஓடுகிற சின்ன ஆபீஸ்கள் எத்தனையோ. அங்கே இந்த மாற்றத்தில் லாக் தொலைந்தால் அதைக் கிராஃப் தொலைந்த கதையாகச் சொல்லித் தப்பிக்க முடியாது.

சரி, ஆபத்து எங்கே எங்கே ஒளிந்திருக்கிறது?

லிப்ரெஎன்எம்எஸ், காக்டி, ஸ்மோக்பிங் மாதிரி டூல்கள் வைத்திருப்பவர்களுக்கு முதலில். இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஆர்ஆர்டி ஃபைல். தோபியாஸ் ஓட்டிகர் என்பவர் 1995-இல் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில், ஒரே ஒரு 64 கிலோபிட் லைனை யார் தின்றுகொண்டிருக்கிறார்கள் என்று பார்க்க எம்ஆர்டிஜி எழுதினார். அதன் டேட்டா வைக்கும் பகுதியைத் தனியே பிரித்து 1999-இல் வந்ததுதான் ஆர்ஆர்டிடூல். இன்றைக்கும் அசைக்க முடியாத சரக்கு. ஆனால் அதற்குச் சில பிடிவாதங்கள் உண்டு.

பழைய மெஷின் 32 பிட், புதியது 64 பிட் என்றால் ஃபைலை அப்படியே காப்பி செய்து பிரயோஜனமில்லை. 'இது வேறொரு ஆர்க்கிடெக்சரில் உருவான ஆர்ஆர்டி' என்று சொல்லித் திறக்க மறுத்துவிடும். பழைய மெஷினிலேயே டம்ப் கொடுத்து எக்ஸ்எம்எல் ஆக்கி, புது மெஷினில் ரெஸ்டோர் செய்ய வேண்டும். 'பழைய மெஷினிலேயே' என்பதைக் கவனியுங்கள். அதை அவசரப்பட்டு ஃபார்மேட் செய்துவிட்டால், கையிலிருக்கும் ஆயிரக்கணக்கான ஃபைல்களைப் படிக்க அதே ரகப் பழைய மெஷின் ஒன்றைத் தேடி அலைய வேண்டியதுதான்.

அடுத்த பிடிவாதம் இன்னும் மோசம். ஆர்ஆர்டி காலத்தில் பின்னோக்கிப் போகாது. ஒரு ஃபைலில் கடைசியாக எழுதிய நேரத்துக்கு முந்தைய நேரத்தோடு எந்த மதிப்பு வந்தாலும் நிராகரிக்கும். புது சர்வரை முதலில் ஓடவிட்டு, 'பழைய டேட்டாவை நிதானமாகப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்' என்று நினைத்தால் நடக்காது. பழைய ஃபைலை மேலே போட்டால் புது டேட்டா அழியும். போடாவிட்டால் பழையது இல்லை. எக்ஸ்எம்எல் ஆக்கி இரண்டையும் கையால் தைக்கலாம்தான். செய்தவர்களைக் கேளுங்கள், மறுபடி செய்வீர்களா என்று!

இந்தப் பிடிவாதம் கடிகாரத்தோடு சேரும்போது என்ன ஆகும் என்று ஒரு சின்ன இன்டர்நெட் கம்பெனியின் கன்ட்ரோல் ரூமில் பார்த்தேன். புது சர்வர் என்று வாங்கியது உண்மையில் ஏற்கெனவே விண்டோஸ் ஓடிய மெஷின். அதன் ஹார்டுவேர் கடிகாரம் நம்மூர் நேரத்தில் இருந்தது. லினக்ஸ் அதை உலகப் பொது நேரம் என்று எடுத்துக்கொண்டது. விளைவு, மெஷின் ஐந்தரை மணி நேரம் எதிர்காலத்தில் உட்கார்ந்திருந்தது. ஃபைல்களைக் காப்பி செய்து போலரை ஓடவிட்டதும் கிராஃப் நன்றாகவே வரைந்தது. பிறகுதான் யாரோ என்டிபி போட்டார்கள். கடிகாரம் சரியான நேரத்துக்குத் தாவியது.

"அண்ணே, எல்லா கிராஃபும் நின்னுடுச்சு. ஆனா ரவுட்டர்ல பிங் போகுது."

"லாக்ல என்னடா சொல்லுது?"

"அப்டேட் நேரம் செல்லாதுங்குது அண்ணே. கடைசியா எழுதுனது ராத்திரி ஒன்பது மணிக்குன்னு காட்டுது. இப்ப மணி நாலுதானே ஆகுது?"

எல்லா ஃபைல்களும் ராத்திரி ஒன்பது மணி ஆகும்வரை எந்த அளவையும் வாங்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டன. பழைய மெஷின் இன்னும் உயிரோடு இருந்ததால் ஃபைல்களை மறுபடி எடுத்துப் போட்டுத் தப்பித்தார்கள். ஆகவே புது மெஷினில் போலரை நிறுவும் முன்பே என்டிபி-யைப் போட்டு, நேரம் சரியாக இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். செர்ட்-இன் உத்தரவும் என்ஐசி அல்லது என்பிஎல் நேர சர்வர்களோடு கடிகாரத்தை இணைக்கச் சொல்கிறது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

இதில் நமக்குச் சாதகமான விஷயமும் ஒன்று உண்டு. ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை எழுதும் ஆர்ஆர்டி-களில் ஹார்ட்பீட் பொதுவாக 600 விநாடி. இரண்டு அளவுகளுக்கு நடுவே பத்து நிமிஷத்துக்கு மேல் போகாதவரை ஓட்டை விழாது. பகலிலேயே, போலர் ஓடிக்கொண்டிருக்கும்போதே, முதல் சுற்று ஆர்சிங்க் முடித்துவிடுங்கள். ராத்திரி பழைய போலரை நிறுத்தி, ஆர்ஆர்டிகேஷ்டி ஓடினால் அதன் மெமரியில் தேங்கியிருப்பதையும் ஃபைலில் இறக்கச் சொல்லி, இரண்டாவது சுற்று விடுங்கள். ஆர்ஆர்டி ஃபைலின் அளவு எப்போதும் மாறாது. ஆகவே எது மாறியது என்று ஆர்சிங்க் முடிவு செய்ய இருப்பது ஃபைலின் தேதி மட்டும்தான். தேதியை மட்டும் நம்பாமல் செக்சம் போட்டு ஒப்பிடச் சொல்லுங்கள். அது நேரம் பிடிக்கும் என்றால், எவ்வளவு பிடிக்கும் என்பதை முந்தின நாளே ஒத்திகை பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஓட்டை விழுந்தால்தான் என்ன, கிராஃபில் வெள்ளையாகத் தெரியுமே என்று நினைக்காதீர்கள். ஐந்து நிமிஷ அளவுகள் நாளாக நாளாகச் சராசரியாகச் சுருக்கப்படும். வழக்கமான அமைப்பில், பாதிக்கும் குறைவான அளவுகள் காணாமல் போயிருந்தால் மீதியை வைத்தே சராசரி எழுதிவிடும். நாலு மணி நேர ஓட்டை ஒரு நாள் சராசரிக்குள் போனதும் தடமே இருக்காது. அடுத்த வருஷம் பார்ப்பவருக்கு அது முழு நாள் கணக்காகவே தெரியும்.

ஜாபிக்ஸ் வைத்திருப்பவர்களே, அடுத்து உங்கள் முறை.

மெஷின்களில் உட்கார்ந்திருக்கும் ஏஜென்ட் இரண்டு விதமாக வேலை செய்யும். சர்வர் கேட்டால் பதில் சொல்வது ஒரு விதம். தானாகவே அனுப்புவது இன்னொன்று. கேட்டால் சொல்லும் விதத்தில் ஏஜென்டுக்கு ஞாபகசக்தி கிடையாது. சர்வர் கேட்காத நேரத்து மதிப்பு எங்கேயும் இல்லை. தானாக அனுப்பும் விதத்தில், சர்வர் கிடைக்காவிட்டால் ஏஜென்ட் தன் மெமரியில் சேர்த்து வைக்கும். எவ்வளவு? பழைய ரக ஏஜென்டில் இருக்கிறபடியே விட்டால் 100 மதிப்புகள். நிமிஷத்துக்கு 50 மதிப்பு அனுப்பும் மெஷினுக்கு அது இரண்டே நிமிஷம். அதற்கு மேல் போனால் பழசைத் தள்ளிவிட்டுப் புதுசை வைத்துக்கொள்ளும்.

இங்கேதான் ரொம்பப் பேர் விழுகிறார்கள். சர்வரை நிறுத்துகிறார்கள். பிறகு எல்லா ஏஜென்டுகளின் கான்ஃபிக்கிலும் புது சர்வர் முகவரியை எழுதி, ஒரே கட்டளையில் அத்தனையையும் ரீஸ்டார்ட் செய்கிறார்கள். ரீஸ்டார்ட் செய்த மாத்திரத்தில் மெமரியில் சேர்த்து வைத்த கொஞ்ச நஞ்சமும் காலி. ஏஜென்ட் 2-இல் டிஸ்க்கில் சேர்த்துவைக்கும் வசதி உண்டு. ஆனால் அது தானாக இயங்காது, நீங்கள் ஆன் செய்திருக்க வேண்டும். செய்திருக்கிறீர்களா?

சரியான வரிசை இதற்கு நேர்மாறு. மாற்றத்துக்கு ஒரு வாரம் முன்பே எல்லா ஏஜென்டிலும் 'சர்வர்' வரியில் பழைய ஐபி, புது ஐபி இரண்டையும் கமா போட்டு எழுதிவிடுங்கள். 'சர்வர்ஆக்டிவ்' வரியிலும் கமா. இந்தக் கமாவில் கவனம். 6.0 பதிப்பிலிருந்து அந்த வரியில் செமிகோலன் போட்டால், இரண்டும் ஒரே கிளஸ்டரின் மெஷின்கள் என்று ஏஜென்ட் எடுத்துக்கொண்டு அவற்றில் ஒன்றுக்கு மட்டும்தான் அனுப்பும். கமா போட்டால் இரண்டு தனித்தனி சர்வர்கள் என்று எடுத்துக்கொண்டு இரண்டுக்கும் அனுப்பும். நமக்கு வேண்டியது இரண்டாவது. ஒரு புள்ளி வித்தியாசத்தில் ஒரு வாரத்து இணை ஓட்டம் வீணாகிவிடும். ஹோஸ்ட்நேம் எழுத்துக்கு எழுத்து, பெரிய எழுத்து சின்ன எழுத்து உட்பட, ஒன்றாக இருக்க வேண்டும் என்பதையும், பிஎஸ்கே சாவி போட்டிருந்தால் அது புது சர்வருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பதையும் சொல்லத் தேவையில்லை என்றாலும் சொல்லி வைக்கிறேன்.

கிளை அலுவலகங்களில் புராக்ஸி வைத்திருப்பவர்கள் அதிர்ஷ்டசாலிகள். சர்வர் இல்லாத நேரத்து மதிப்புகளைப் புராக்ஸி தன் டேட்டாபேஸில், எடுத்த நேரத்தோடு சேர்த்து வைத்திருந்து, சர்வர் வந்ததும் ஒப்படைக்கும். ஆனால் எத்தனை நேரத்துக்கு? மாற்றாமல் விட்டால் ஒரே ஒரு மணி நேரம்! அதை 720 மணி வரை உயர்த்தலாம். மாற்றத்துக்கு முன்பே 72 என்று எழுதி, புராக்ஸியை ரீஸ்டார்ட் செய்து, டிஸ்க்கில் இடமிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இந்த ஒரு எண்ணை மாற்றாததால் தொலைந்த டேட்டாதான் ஜாபிக்ஸ் உலகில் அதிகம் என்பது என் சந்தேகம்.

அப்படிச் சேர்த்து வைத்ததையும் குப்பையில் கொட்ட ஒரு வழி இருக்கிறது. ராத்திரி அலர்ட் மழை வேண்டாம் என்று மெயின்டனன்ஸ் போடுவீர்கள். அதில் இரண்டு வகை: டேட்டா எடுத்துக்கொண்டே மெயின்டனன்ஸ், டேட்டா எடுக்காமல் மெயின்டனன்ஸ். தூக்கக் கலக்கத்தில் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால், புராக்ஸி விசுவாசமாகச் சேகரித்துக் கொண்டுவந்து கொடுக்கும். சர்வர் அதை வாங்கித் தூர எறிந்துவிடும். எங்கேயும் ஒரு எர்ரர் வராது.

டேட்டாபேஸுக்கு வருவோம். எக்ஸ்போர்ட் பட்டனை அழுத்தி ஹோஸ்ட்களையும் டெம்ப்ளேட்டுகளையும் ஃபைலாக இறக்கி, புது சர்வரில் இம்போர்ட் செய்தால் எல்லாம் வந்துவிடும் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். வருவது அமைப்பு மட்டும். ஒரு மதிப்பு வராது. போதாக்குறைக்கு, இம்போர்ட் செய்யும்போது ஒவ்வொரு ஐட்டத்துக்கும் புது எண் கிடைக்கும். பழைய ஹிஸ்டரி டேபிள்களைப் பிறகு கொண்டுவந்து ஒட்டப் பார்த்தால், அவற்றிலுள்ள எண்களுக்கும் இவற்றுக்கும் சம்பந்தமே இருக்காது. டேட்டாபேஸ் முழுசாகப் போக வேண்டும், வேறு வழி இல்லை.

முழுசாக டம்ப் எடுப்பதிலும் ஒரு குழி. சிங்கிள் டிரான்சாக்ஷன் போட்டு மைஎஸ்க்யூஎல் டம்ப் எடுத்தால், டம்ப் தொடங்கிய நொடியின் நிலைதான் அதில் இருக்கும். ராத்திரி 11 மணிக்குத் தொடங்கி விடிகாலை 4 மணிக்கு முடிந்தால், நடுவில் பழைய சர்வர் எழுதிய ஐந்து மணி நேரம் அந்த டம்ப்பில் இல்லை. பெரிய டேட்டாபேஸ் என்றால் டம்ப்பை விட்டுவிடுங்கள். புது மெஷினின் மைஎஸ்க்யூஎல்லைப் பழையதின் ரெப்ளிகாவாக வைத்து, அது முழுசாக எட்டிப் பிடித்த பிறகு சர்வரை நிறுத்தி, ரெப்ளிகாவை முதன்மையாக்கிப் புது சர்வரைக் கிளப்புங்கள். இடைவெளி சில நிமிஷங்கள்தான். அதுவும் முடியாவிட்டால், ஹிஸ்டரி டேபிள்கள் நீங்கலாக மற்றதை முதலில் கொண்டுபோய்க் கிளப்பிவிட்டு, ஹிஸ்டரியைப் பின்னால் ஊற்றலாம். ஐட்டம் எண்கள் அதேதான் என்பதால் அது நடக்கும். ஆனால் அதுவரை யாரும் பழைய சர்வரில் ஒரு ஹோஸ்ட்டைக்கூடச் சேர்க்கக் கூடாது.

சர்வரை நிறுத்துவதும் பொறுமையான வேலை. நிறுத்தச் சொன்னதும் அது மெமரியிலுள்ள ஹிஸ்டரியை எழுதும், பிறகு அந்த மணி நேரத்து ட்ரெண்ட் கணக்கை எழுதும், அதற்கப்புறம்தான் 'நின்றுவிட்டேன்' என்ற வரி லாக்கில் விழும். பிஸியான சர்வரில் பல நிமிஷம் ஆகலாம். 'தொங்கிடுச்சு போல' என்று கில் மைனஸ் 9 அடித்தால், அல்லது பிளக்கைப் பிடுங்கினால், மெமரியில் இருந்தது அத்தோடு போச்சு.

வெர்ஷனை உயர்த்துவதையும் இடம் மாற்றுவதையும் ஒரே ராத்திரியில் வைக்காதீர்கள். புது வெர்ஷன் சர்வர் முதல்முறை கிளம்பும்போதே டேட்டாபேஸின் அமைப்பைத் தானாக மாற்றிவிடும். பழைய வெர்ஷன் அதைத் திரும்பத் தொட முடியாது. பேக்கப் இல்லாமல் அந்தக் கதவைத் தாண்டியவர்களுக்குப் பின்னால் வழி இல்லை.

புரோமீதியஸ்காரர்களுக்கு ஒரே எச்சரிக்கை. ஒரு வருஷ டேட்டாவை அலுங்காமல் குலுங்காமல் கொண்டுவந்து புது மெஷினில் வைக்கிறீர்கள். பழைய சர்வீஸ் ஃபைலில் எழுதியிருந்த ரிடென்ஷன் ஃப்ளாகைப் புதியதில் எழுத மறந்துவிடுகிறீர்கள். மாற்றாமல் விட்டால் அது 15 நாள். கிளம்பியதும் அந்தப் பதினைந்து நாளுக்கு முந்தைய பிளாக்குகளைக் காலாவதி என்று அதுவே அழித்துவிடும். கொண்டுவந்தது நீங்கள், அழித்தது உங்கள் சர்வர், எர்ரர் எதுவும் இல்லை.

எந்த டூலாக இருந்தாலும் பொதுவான ஒரு கண்ணி, எதிர்முனையில் இருக்கும் ரவுட்டர்களும் ஸ்விட்ச்களும். அவற்றின் எஸ்என்எம்பி ஆக்சஸ் லிஸ்டில் பழைய ஐபி மட்டும்தான் இருக்கும். அதை எழுதியவர் வேலையை விட்டுப் போய் நாலு வருஷம் ஆகியிருக்கும். முன்கூட்டியே புது ஐபி-யைச் சேர்த்து, புது மெஷினிலிருந்து ஒவ்வொன்றையும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். கேட்கும்போது எஸ்என்எம்பி வெர்ஷன் 2சி அல்லது 3-தானா என்றும் பாருங்கள். வெர்ஷன் 1-இல் 64 பிட் கவுன்ட்டர் கிடையாது. 32 பிட் கவுன்ட்டர் ஒரு ஜிகாபிட் லிங்க் நிரம்பி ஓடினால் சுமார் 34 விநாடியில் ஒரு சுற்று முடிந்து பூஜ்யத்துக்கு வந்துவிடும். ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கும் போலருக்கு எத்தனை சுற்று போனது என்று எப்படித் தெரியும்? கிராஃப் அழகாக வரும், அத்தனையும் பொய்.

அதைவிடக் கவலை, ரவுட்டர்கள் தாமாக அனுப்பும் ட்ராப்புகளும் சிஸ்லாக்கும். ட்ராப் போவது யுடிபி 162-ஆம் போர்ட்டில். சிஸ்லாக் வழக்கமாக யுடிபி 514-இல். யுடிபி-யில் 'கிடைத்தது' என்று பதில் சொல்லும் பழக்கமே இல்லை. வாங்க ஆளில்லாத முகவரிக்கு அனுப்பியது கிணற்றில் போட்ட கல்தான். பெரும்பாலான சாதனங்களில் இரண்டு முகவரி எழுதலாம், எழுதுங்கள். தினமும் பேசும் ரவுட்டர் உங்களைக் கவிழ்க்காது. வருஷத்துக்கு ஒருமுறை 'பேட்டரி செத்துவிட்டது' என்று ஒரே ஒரு ட்ராப் அனுப்பும் யுபிஎஸ் இருக்கிறதே, அதுதான் பட்டியலில் விட்டுப்போகும். மாற்றம் முடிந்த பிறகும் பழைய மெஷினில் சில வாரம் டிசிபிடம்ப் போட்டு, 162-க்கும் 514-க்கும் இன்னும் யார் எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருங்கள்.

இந்த வம்பே வேண்டாம் என்று பழைய ஐபி-யையே புது மெஷினுக்குக் கொடுப்பவர்கள் உண்டு. நல்ல யோசனைதான். ஆனால் சிஸ்கோ ரவுட்டரில் ஆர்ப் பதிவு மாற்றாமல் விட்டால் 4 மணி நேரம் நிற்கும். புது மெஷின் தானாக ஒரு வார்த்தை பேசினால் ரவுட்டர் திருத்திக்கொள்ளும். வெறுமனே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால், பழைய மேக் முகவரிக்கே பாக்கெட் போய்க்கொண்டிருக்கும். ஐபி-யை மாற்றியதும் ஆர்ப்பிங் ஒன்றைத் தட்டிவிடுங்கள்.

அலர்ட் வெளியே போகிறதா என்று பார்த்தீர்களா? புது சர்வரின் ஐபி உங்கள் டொமைனின் எஸ்பிஎஃப் பதிவில் இல்லாவிட்டால் அலர்ட் மெயில் ஸ்பேமுக்குப் போகும், அல்லது எங்குமே போகாது. எஸ்எம்எஸ் கேட்வேக்காரரும் பழைய ஐபி-யை மட்டும் அனுமதித்திருப்பார். இதை அலட்சியமாக எடுத்துக்கொள்பவர்கள் 2017 ஜனவரி 31-இல் கிட்லேபுக்கு நடந்ததைப் படிக்க வேண்டும். ஓர் எஞ்சினியர் ரெப்ளிகா என்று நினைத்து முதன்மை டேட்டாபேஸின் ஃபோல்டரை அழித்துவிட்டார். சுதாரித்து நிறுத்தியபோது சுமார் 300 ஜிபி-யில் மிஞ்சியது 4.5 ஜிபி. பேக்கப் இருக்குமே என்று போய்ப் பார்த்தால் காலி. டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 9.6, டம்ப் எடுத்த கருவியோ 9.2. தினமும் தோற்றுக்கொண்டிருந்தது. தோற்றதைச் சொல்லும் மெயில்களை டிமார்க் சரிபார்ப்பில் திருப்பி அனுப்பிவிட்டார்கள், யாருக்கும் வந்து சேரவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரம் முன்பு எடுத்திருந்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் அவர்களைக் காப்பாற்றியது. அந்த ஆறு மணி நேர டேட்டா போனது போனதுதான்.

ஆகவே, டம்ப் ஃபைல் இருக்கிறது என்பதோடு திருப்திப்படாதீர்கள். வேறொரு மெஷினில் அதைத் திறந்து, உள்ளே வரிசைகளை எண்ணுங்கள். போன செவ்வாய்க்கிழமை காலை 10 முதல் 11 வரை ஹிஸ்டரி டேபிளில் எத்தனை வரிசை என்று பழையதிலும் புதியதிலும் கேளுங்கள். எண் பொருந்த வேண்டும். உங்கள் முக்கிய லிங்க் ஒன்றை எடுத்து, அன்றைய உச்சம் இரண்டு கிராஃபிலும் ஒரே எண்தானா என்று பாருங்கள். புது சர்வரை எண்ணி ஒரு முழு வாரம் பழையதோடு சேர்த்து ஓட்டிய பிறகே பழையதை நிறுத்துங்கள். புது சர்வரையே யார் பார்ப்பது என்று கேட்டால், வெளியே எங்காவது ஒரு சின்ன விபிஎஸ்ஸில் 'அந்தச் சர்வர் உயிரோடு இருக்கிறதா, கடைசி மதிப்பு எப்போது வந்தது' என்று மட்டும் கேட்கும் ஒரு ஸ்கிரிப்ட் போதும்.

பழையதை நிறுத்தினால் மட்டும் போதாது, தானாகக் கிளம்பாதபடி சர்வீஸையும் முடக்கிவையுங்கள். இல்லாவிட்டால் ஒரு நாள் கரண்ட் போய் வந்ததும் அது விழித்துக்கொண்டு, பழைய ஐபி-யோடு எழுந்து, இரண்டு சர்வரும் ஒரே ரவுட்டர் விழுந்ததாக இரண்டிரண்டு எஸ்எம்எஸ் அனுப்பும். இரண்டும் ஒரே டேட்டாபேஸில் எழுதினால் இன்னும் விபரீதம்.

டிஸ்க்கை மட்டும் யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். 'டெஸ்டிங்குக்கு ஒரு மெஷின் வேணும் சார்' என்று ஜூனியர் வருவார். பழைய சாமான் எடுப்பவர் விலை பேச வருவார். 180 நாள் கழித்து வரச் சொல்லுங்கள். வந்தாலும் பெட்டியை மட்டும் கொடுத்து, டிஸ்க்கைக் கழற்றித் தேதி எழுதிப் பீரோவில் பூட்டிவிடுங்கள்.